முத்திரையும் நாணயமும்

தமிழில் "நாணயம்" என்னும் சொல் இருபொருள்பட வழங்குகின்றது. கையிலுள்ள காசும் நாணயம்; சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒருவனை நாணயமானவன் என்று ஊரார் குறிப்பிடும்போது அவனிடமுள்ள காசைக் கருதுவதில்லை. அவன் வாக்கையே கருதுகின்றனர். காசுக்கும் வாக்குக்கும் ஒரே சொல் அமைந்தமை தற்செயலாயிருத்தல் கூடும். ஆயினும் காசின் இயல்பை ஆராயப் புகுவார்க்கு அச்சொல் நல்லதொரு வாயிலாகும். பொன்னும் வெள்ளியும் குற்றிகளாய் வழங்கிய காலத்தில் உலோகத்தின் பெறுமதி வாக்கின் பெறுமதியை மறைத்து நின்றது. உலோகம் கிடையாத நெருக்கடியில், காகிதத் துண்டொன்று காசின் இடத்தைப் பெற்றபோதுதான், காசு என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதியே என்னும் உண்மை வெளிப்பட்டது.

அத்தகைய காகிதத் துண்டுகளுள் மிகச் சிறியது தபால் முத்திரையாகும். யுத்தத்தினாலோ போக்குவரத்துத் தடையினாலோ சில்லறை அருகிய வேளைகளில், குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட நாடுகள் சிலவற்றில் முத்திரை அட்டையில் ஒட்டப்பெற்றுக் காசாகக் கைமாறிற்று. முத்திரை சேகரிப்போர் இதனை ஒரு விநோதமாகக் கொள்வர். பொருளியலாளர் ஓர் அடிக்குறிப்பில் அடக்கிவிடுவர். ஆனால் இச்சிறு அட்டையினுள் பெரியதோர் அறவினா பொதிந்துள்ளது. தன்னைத் தெரிவுசெய்யாத மக்களிடம், தன்னைக் கேள்வி கேட்கும் உரிமையற்ற மக்களிடம், ஓர் அரசு "என் வாக்கை நம்புங்கள்" என்று கூறுமாயின் அவ்வாக்கு எத்தகையது? அதனை ஏற்றுக்கொண்டவரின் செயலை நம்பிக்கை என்பதா, பணிவு என்பதா?

முத்திரை என்னும் வாக்குறுதி

1840ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் ஒட்டு முத்திரை தோன்றிற்று. அனுப்புவோர் கூலியை முற்பணமாகச் செலுத்திவிட்டார் என்பதற்கு அதுவே சான்று. அரசு காசைப் பெற்றுக்கொண்டது. ஆனால் கடிதத்தை இன்னும் சுமக்கவில்லை. எனவே பயன்படுத்தப்படாத முத்திரை ஒவ்வொன்றும் அரசு பட்ட ஒரு கடனாகும். காசாக மாறுவதற்கு முன்னரே முத்திரை ஒரு வாக்குறுதியாய் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அக்கடன் காசாகக் கைமாறியமைக்கு எடுத்துக்காட்டாக அமைவது அமெரிக்க உள்நாட்டு யுத்தம். 1862இல் மக்கள் உலோகக் குற்றிகளைப் பதுக்கினர். சில்லறைக்குத் தவித்தோர் முத்திரைகளைக் கைமாற்றத் தொடங்கினர். அவ்வாண்டு யூலை 17ஆம் திகதி நிறைவேறிய சட்டம் அதனை அங்கீகரித்தது. பசை பூசிய மெல்லிய தாள் வியர்வைக் கையில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. யோன் கோல்ற் என்பார் முத்திரையைப் பித்தளைக் கூட்டில் வைத்து, அபிரகத் தகட்டால் மூடும் முறையொன்றுக்கு அதே ஆண்டில் உரிமம் பெற்றார். 1915இல் உருசியப் பேரரசு வேறொரு வழியைக் கையாண்டது: அரச குடும்பத்தாரின் உருவம் பொறித்த முத்திரைகளைத் தடித்த தாளிலேயே அச்சிட்டு, வெள்ளிச் சில்லறைக்குச் சமமாக அவை வழங்கும் என்று பின்புறத்திற் பொறித்தது. இரண்டாண்டுகளுக்குள் அவ்வரச குடும்பமே ஆட்சியிழந்தது.

இவ்விரு நாடுகளும் தத்தம் மக்களிடமே, நல்லதோ தீயதோ, தம் வாக்கை வைத்தன. குடியேற்ற நாடுகளின் கதை வேறு. அங்கே வாக்களித்தவர் ஓரினத்தார். அதனை ஏற்கவேண்டியிருந்தவருட் பெரும்பான்மையோர் இன்னோரினத்தார். இருவருக்குமிடையே நின்றது படைபலம்.

புலவாயோவின் அட்டை

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது 1900ஆம் ஆண்டின் றொடீசியா, அஃதாவது இன்றைய சிம்பாப்வே. அந்நாட்டை அப்பொழுது ஆண்டது ஓர் அரசுகூட அன்று. 1889இல் அரச பட்டயம் பெற்ற பிரித்தானிய தென்னாபிரிக்கக் கொம்பனி என்னும் வர்த்தக நிறுவனமே ஆண்டது. தென்பகுதியில் மூண்ட போவர் யுத்தம் கேப் நாட்டிலிருந்து மபெக்கிங் வழியாகப் புலவாயோவுக்குச் சென்ற புகையிரதப் பாதையைத் துண்டித்தது. வெள்ளிச் சில்லறை வரவில்லை. புலவாயோவில் நிருவாக அதிகாரியாய் இருந்த மார்ஷல் ஹோல், கொம்பனியின் முத்திரைகளைச் சிறிய அட்டைகளில் ஒட்டிக் காசாக வெளியிடச் செய்தார். சேகரிப்போர் அவற்றை இன்றும் அவர் பெயராலேயே வழங்குவர்.

அவ்வட்டையில் அச்சிடப்பட்டிருந்த வாசகம் ஊன்றி நோக்கற்பாலது. அதனைக் கொண்டுவருபவருக்கு முத்திரையின் முகப்பெறுமதியைக் காசாகக் கொடுக்குமாறு அது வேண்டுகின்றது. 1900 ஓகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்தே அது காசாக்கப்படும் என்கின்றது. ஒக்டோபர் 1ஆம் திகதிக்குப் பின்னர் ஏற்கப்படமாட்டாது என்றும் கூறுகின்றது. வாசகம் அட்டையை வைத்திருப்பவரை நோக்கிப் பேசவில்லை. அலுவலர் ஒருவர் இன்னோர் அலுவலருக்கு எழுதிய குறிப்பாகவே அது அமைந்துள்ளது. கடன் கொடுத்தவர் அதில் "கொண்டுவருபவர்" மாத்திரமே. அவருக்குரிய காலமும் இரண்டே மாதம்.

புலவாயோ நகரில் வாழ்ந்த ஐரோப்பிய வியாபாரிக்கு இரண்டு மாதம் போதும். அவருக்கு ஆங்கிலம் தெரியும்; திகதி தெரியும்; அலுவலகம் நடைதூரத்திலே உள்ளது. அத்தகைய அட்டையொன்று கூலியாகவோ தானியத்தின் விலையாகவோ ஓர் இந்தெபெலே உழவனின் கையை அடைந்திருக்குமாயின் நிலைமை யாது? வாசகம் அவன் மொழியிலன்று. அலுவலகம் பல நாள் நடைக்கு அப்பால் இருக்கலாம். முத்திரையின் முதற்பயனாகிய கடிதப் போக்குவரத்தும் எழுத்தறியாதவனுக்குப் பயனன்று. ஒக்டோபர் 2ஆம் திகதியன்று அவன் கையில் எஞ்சுவது கொம்பனியின் சின்னம் பொறித்த வெறும் படமே. அவன் இழந்தது எங்கும் மறைந்துவிடவில்லை. திரும்பி வராத ஒவ்வோர் அட்டையும் அதனை வெளியிட்டவனுக்கு ஆதாயமாகும்.

அவன் காசையே நாடாமல் வாழ்ந்திருக்கலாமே எனின், அதற்கும் வழி அடைக்கப்பட்டிருந்தது. 1894இலேயே குடிசை ஒன்றுக்குப் பத்துச் சிலிங் வரி விதிக்கப்பட்டிருந்தது. வரியின் நோக்கம் திறைசேரியை நிரப்புதல் மட்டுமன்று. தன் நிலத்தில் தனக்குப் போதிய அளவு விளைத்து உண்டவனைக் கூலியுழைப்புக்கு இழுத்து வருவதும் அதன் நோக்கமாயிற்று. காசு தேவையற்றவனுக்குக் காசின் தேவையை வரி உண்டாக்கியது. 1896-97இல் இந்தெபெலே மக்களும் சோனா மக்களும் கிளர்ந்தெழுந்தமைக்குப் பறிபோன நிலம், கால்நடை, கட்டாய உழைப்பு ஆகியவற்றோடு இவ்வரியும் ஒரு காரணமாகும். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டு மூன்றாண்டுகள் கழியுமுன் அதே மண்ணில் கொம்பனி தன் வாக்கை அட்டையில் ஒட்டி நீட்டிற்று.

இன்னுமொன்று கருதத்தக்கது. 1901இல் அங்கு இயற்றப்பட்ட எசமானர் பணியாளர் சட்டத்தின்படி, ஒப்பந்தம் மீறிய தொழிலாளியின் செயல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. உழைப்பவன் வாக்குத் தவறினால் சிறை. ஆள்பவன் தன் வாக்குக்குத் தானே கெடு விதித்து, கெடு தாண்டியதும் கைகழுவினால் அது நிருவாக ஒழுங்கு. வாக்குகள் இரண்டும் காகிதத்திலேயே எழுதப்பட்டன. ஒரு காகிதத்தின் பின்னால் பொலிசும் நீதிமன்றமும் நின்றன. மற்றையதன் பின்னால் வெளியிட்டவனின் மனமொன்றே நின்றது.

மடகஸ்காரின் அட்டை

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளிலும் இம்முறை கையாளப்பட்டது. ஐவரி கோஸ்ற்றில் 1920இலும், நியூ கலடோனியாவில் 1922இலும் முத்திரைகள் காசாயின. இவற்றுள் மடகஸ்கார் தனித்து நோக்கத்தக்கது. 1896இல் பிரான்ஸ் அத்தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. முதலாம் உலக யுத்தத்தின்போது குற்றிகள் கிடையாமையால் 1916இல் முத்திரைகள் அட்டையில் ஒட்டப்பட்டுச் சில்லறையாய் வழங்கின. சில அட்டைகளின் பின்புறத்தில் நாயின் உருவம் அச்சிடப்பட்டிருந்தது.

அதே காலப்பகுதியில் அத்தீவில் வேறிரு நிகழ்ச்சிகளும் நடந்தன. நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மலகாசி மக்கள் பிரான்சின் யுத்தத்துக்காகச் சேர்க்கப்பட்டனர். 1913இல் மாணவரும் இளம் அறிவாளரும் கூடித் தொடங்கிய வி.வி.எஸ். என்னும் இரகசியச் சங்கத்தினர் 1915 டிசெம்பரிலே கைதுசெய்யப்பட்டு, 1916இன் தொடக்கத்திற் கடுந்தண்டனை பெற்றனர். தன் மக்களின் சொல்லை அஞ்சிச் சிறையிலிட்ட அரசு, அதே ஆண்டில் தன் சொல்லை நம்புமாறு அம்மக்களை வேண்டிற்று. வாக்கு என்பது இருவர்க்கிடையே நிகழ்வது. ஒருவரின் நாவை அடைத்துவிட்டு மற்றவர் கூறுவது கட்டளையின் இயல்பையே பெறுகின்றது.

மூன்று சமாதானங்கள்

இவ்வட்டைகளை நியாயப்படுத்துவோர் மூன்று சமாதானங்களைக் கூறல் கூடும். மூன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல.

முதலாவது, காசு சட்டத்தின் படைப்பு என்பது. கிரேக்க மொழியில் நாணயத்தைக் குறிக்கும் சொல் வழக்கு, சட்டம் என்று பொருள்படும் சொல்லின் வழிவந்தது என்பதைச் சுட்டி, அது இயற்கையால் அமையாது மனித ஏற்பாட்டால் அமைவது என்று அரிஸ்டாட்டில் விளக்கினார். 1905இல் ஜெர்மானிய அறிஞர் நாப், அரசின் சட்டமே காசுக்கு உயிர் என்னும் கோட்பாட்டை விரித்துரைத்தார். இது காசு எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்குகின்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்று சட்டப்படி செல்லும் என்பதால் அது நீதிப்படியும் செல்லும் என்று கொள்ளல் பொருந்தாது. குடிசை வரியும் சட்டமே.

இரண்டாவது, ஏற்றவன் உடன்பட்டவனே என்பது. எவரும் அட்டையை அவன் கையில் திணிக்கவில்லை. வாங்கினான், ஆதலின் சம்மதித்தான் என்பர். 1748இல் டேவிட் ஹியூம் இத்தகைய வாதத்துக்கு மறக்கவொண்ணா விடையொன்று கூறினார். உறக்கத்திற் கப்பலேற்றப்பட்ட ஒருவன் நடுக்கடலில் விழித்தெழுகின்றான். கடலிற் குதித்து மாளாமையினால் அவன் கப்பற்றலைவனின் ஆட்சிக்கு உடன்பட்டான் என்று கொள்ளலாமா என்பதே அவர் விடுத்த வினாவின் சாரம். வரி கட்டக் காசு வேண்டும், காசாக அட்டையே கிடைக்கின்றது என்னும் நிலையில் அட்டையை வாங்கியவனும் அக்கப்பலிலேயே இருந்தான்.

மூன்றாவது, பயன் பற்றியது. சில்லறையின்றிச் சந்தை நின்றுவிடும். ஒரு கைப்பிடி தானியம் வாங்குவோனும் விற்போனும் இடர்ப்படுவர். அட்டை அவ்விடரை நீக்கிற்று. உரிய காலத்திற் கொண்டுவரப்பட்டவற்றுக்குக் காசும் வழங்கப்பட்டது. இதிலே குற்றம் எங்குளது என்பர். இதுவே வலிமை மிக்க சமாதானம். இதற்கு விடை காணுமிடத்தே இவ்வினாவின் உயிர்நிலை உள்ளது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நெருக்கடியிலே மாற்றுக்காசு வெளியிடுதல் தவறன்று. வெளியிடாது வாளாவிருத்தலே ஏழைக்குப் பெருந்தீங்கு. பெருவணிகன் கணக்கெழுதிக் கொள்வான். நாட்கூலியே சில்லறையின்றித் தவிப்பான். ஆகவே குற்றம் அட்டை வெளியிட்டமையில் இல்லை. அட்டை யாருடைய நம்பிக்கையின் மீது நின்றது, அந்நம்பிக்கைக்கு வெளியிட்டவர் என்ன மதிப்பளித்தார் என்பதே வினா.

சந்தையில் அட்டையை ஏற்கும் பெண் கொம்பனியின் திறைசேரியை எண்ணிப் பார்ப்பதில்லை. நாளை தனக்கு உப்பு விற்பவன் இதனை ஏற்பான் என்றே நம்புகின்றாள். உப்பு விற்பவன் துணி விற்பவனை நம்புகின்றான். இவ்வாறு அயலாருக்கும் அயலாருக்கும் இடையே, எந்த அரசும் தோன்றுமுன்னரே வேரூன்றிய நம்பிக்கையொன்று உண்டு. நெருக்கடிக் காசு அவ்வேரிலிருந்தே நீரைப் பெறுகின்றது. 16ஆம் நூற்றாண்டிலே மால்டாத் தீவின் ஆட்சியாளர் வெள்ளிக்குப் பதிலாக வெளியிட்ட செப்புக் குற்றிகளில் "செம்பன்று, நம்பிக்கை" என்னும் பொருள்பட இலத்தீன் வாசகமொன்றைப் பொறித்தனர். வாசகம் உண்மையே. ஆயினும் அந்நம்பிக்கை யாருடையது என்பதை அது கூறவில்லை. அது மக்களுடையது. அரசு அதனைக் கடனாகப் பெறுகின்றது. புலவாயோவிலே ஒரு வர்த்தக நிறுவனம் அதனைக் கடனாகப் பெற்றது.

வாக்கு நிறைவேற்றப்பட்டதே என்னும் சமாதானத்துக்கும் இங்கு விடையுண்டு. நிறைவேறிய வாக்குகள் இருவகை. ஒன்று, கேட்டுப் பெறும் உரிமையுடையவனுக்கு நிறைவேற்றப்படுவது; அது கடமை. மற்றது, கேட்க உரிமையற்றவனுக்கு, கொடுப்பவனின் விருப்பத்தால் நிறைவேற்றப்படுவது, அது தயவு. இரண்டிலும் கைக்கு வரும் காசு ஒன்றாயிருக்கலாம். ஆயினும் முதலாமவன் நிமிர்ந்து நின்று பெறுகின்றான். இரண்டாமவன் குனிந்து பெறுகின்றான். தனக்குரியதைத் தயவாகப் பெறவேண்டிய நிலைக்கு ஒருவனைத் தள்ளுவதே அவனுக்கிழைக்கப்படும் அநீதியாகும். ஒரு சதமேனும் அவன் இழவாதவிடத்தும் அவ்வநீதி நீங்குவதில்லை.

கடனாளியின் ஒழுக்கம்

இவ்வாறு நோக்குமிடத்து, நெருக்கடிக் காசு வெளியிடும் அரசுக்குரிய அறம் ஆள்பவனின் அறமன்று, கடனாளியின் அறம் என்பது புலனாகும். கடனாளிக்குச் சில ஒழுக்கங்கள் உண்டு. தான் பட்ட கடனைக் கடன் கொடுத்தவனுக்கு விளங்கும் மொழியிற் கூறல் வேண்டும். மிகத் தொலைவில் உள்ளவனும் வந்துசேரத்தக்க தவணை வழங்கல் வேண்டும். கைமாறிக் கைமாறி அட்டை நைந்ததாயின் அத்தேய்மானத்தைத் தானே தாங்கல் வேண்டும். ஏனெனில் அட்டை நைந்தது வறியவன் கையில் என்றாலும் அது உழைத்தது அனைவருக்குமாகவே. பிறர் பொருளையும் தமது போற் பேணுதலே வணிகரின் சிறப்பென வள்ளுவர் வகுத்த நெறி, வணிகரே ஆட்சியாளராய் அமர்ந்தவிடத்து இரட்டிப்பாகப் பொருந்தும். இவையனைத்துக்கும் மேலாக, கடன் கொடுத்தவன் "எப்பொழுது தருவாய்?" என்று கேட்பதைக் குற்றமாகக் கருதாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவுகோலால் இலங்கையின் அனுபவமொன்றையும் அளந்து பார்த்தல் தகும். 1942 ஏப்பிரிலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. யுத்தத்தால் உலோகம் அருகிய அவ்வாண்டில் இலங்கை அரசு சதக் கணக்கிலே நாணயத்தாள்களை வெளியிட்டது. யூன் 1ஆம் திகதியிட்ட ஐந்து சதத் தாள் இரு பகுதிகளால் ஆனது: ஒன்று இரண்டு சதம், மற்றது மூன்று சதம். இடையே முத்திரைத் தாள்களிற் போன்ற துளைவரிசை. வேண்டியவிடத்துக் கிழித்து இரு தாள்களாக வழங்கலாம். முத்திரையைக் காசாக்குவதற்குப் பதிலாகக் காசையே முத்திரையின் வடிவுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது.

இங்கு நிலைமை புலவாயோவைப் போன்றதன்று. 1931 முதல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை இருந்தது. தெரிவுசெய்யப்பட்ட அரசாங்க சபையும் இருந்தது. எனினும் அவ்வரசியலமைப்பின்படி நிதி, தெரிவுசெய்யப்பட்ட அமைச்சரிடம் விடப்படவில்லை. மக்களுக்குப் பொறுப்புக்கூறவேண்டாத நிதிச் செயலாளரிடமே இருந்தது. இரண்டு சதத்தைக் கிழித்துக் கொடுத்த கைக்கு வாக்குச்சீட்டில் அடையாளமிடும் உரிமை இருந்தது. அத்தாளின் பின்னுள்ள வாக்கைப் பற்றி வினவும் உரிமை இருக்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமை படிப்படியாகவே கைவருகின்றது என்பதையும், அதில் இறுதியாகக் கைவிடப்படுவது பணப்பெட்டியின் திறவுகோலே என்பதையும் அத்துளைவரிசைத் தாள் உணர்த்துகின்றது.

குடியேற்ற ஆட்சிகள் நீங்கியவுடன் இவ்வினா தீர்ந்துவிட்டது என்று கருதுதல் பொருந்தாது. இன்று எந்நாட்டிலும் காசு பொன்னால் ஆனதன்று. நாணயத்தாள் ஒவ்வொன்றும் ஒருவகையில் அட்டையில் ஒட்டிய முத்திரையே. அதன் பெறுமதி வீழும்போது இழப்பவர் நிலமும் வீடும் உடையோர் அல்லர். தம் உழைப்பின் பயனைத் தாளாகவே சேமித்து வைத்த எளியோரே. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது, அயல்நாட்டுக் கடன்காரர் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்கப்பட்டனர். கையிலிருந்த தாளின் பெறுமதி தேய்ந்தமையாற் கடன் கொடுத்தவராய் மாறிய கூலியுழைப்பாளருக்கு அத்தகைய மேசை இருக்கவில்லை. வெளியிடுவோர் மாறலாம்; தெரிவுசெய்யப்பட்டோராகவும் இருக்கலாம். தம் தாளை வைத்திருக்கும் எளியவன் தமக்குக் கடன் கொடுத்தவன் என்பதை அவர்கள் மறப்பராயின், புலவாயோ அட்டையின் அறம் வேறொரு மொழியில் மீண்டும் அச்சிடப்பட்டதாகவே முடியும்.

கெடுவுக்குள் திரும்பி வராத மார்ஷல் ஹோல் அட்டைகள் இன்று சேகரிப்போரிடையே அரும்பொருள்களாய் மதிக்கப்படுகின்றன. அவற்றின் முகப்பெறுமதியைப் போலப் பன்மடங்கு கொடுத்து வாங்குவோர் உளர். வாங்குவோரும் விற்போரும் அவற்றிலே காண்பது அருமை. அவ்வட்டைகளுள் எவை ஆசையாற் பேணப்பட்டவை, எவை அலுவலகத்தை அடைய இயலாமையால் எஞ்சியவை என்பதை முத்திரை கூறாது. ஆனால் இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒவ்வோர் அட்டையும் தீர்க்கப்படாத கடனாகவே இன்னும் இருக்கின்றது. காசாகிய நாணயம் காலாவதியாகலாம். வாக்காகிய நாணயத்துக்குக் கெடு இல்லை.